விருப்பப் பாடம்: நற்செயல்

"அச்சகத்து ஆள் வாசல்லயே நிக்கிறார் சார். பாடப் பட்டியல்ல இந்த ஒரு கட்டம் மட்டும் காலியா கிடக்கு. என்ன போடட்டும்?"

அலுவலக எழுத்தர் அம்மாள் இப்படிக் கேட்டதும், புவியியல் சாருக்கு வாயிலிருந்த தேநீர் உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் நின்றுவிட்டது.

அந்தக் கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு இரண்டு வேலை. ஒன்று, புவியியல் நடத்துவது. இன்னொன்று, எந்த வகுப்புக்கு என்ன பாடம், எந்த நேரத்தில் என்று முடிவு செய்யும் பாடத்திட்டப் பொறுப்பு. முதல் வேலையில் உயிர். இரண்டாவது வேலையில் அதிகாரம். அந்த வருடம் இரண்டும் ஒன்றின் காலை ஒன்று வாரிவிட்டன.

தலைமை சிஸ்டர் ஒரு புது விதி கொண்டுவந்திருந்தார். ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொரு விருப்பப் பாடத்துக்கும் எதிரே இன்னொரு பாடம் இருக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"ஒரே ஒரு பாடத்தை வச்சுட்டு அதுக்கு விருப்பப் பாடம்னு பேர் வைக்கிறது பொய் சொல்ற மாதிரி சார். பொய் பாவம்" என்று சொல்லிவிட்டார். பாவம் என்று சிஸ்டர் சொன்ன பிறகு அப்பீல் ஏது?

இசைக்கு எதிரே ஓவியம் வந்தது. தையலுக்கு எதிரே மரவேலை வந்தது. புவியியலுக்கு எதிரேதான் காலிக் கட்டம். போதாததற்கு, பத்துப் பேர்கூடச் சேராத பாடம் மூடப்படும் என்றும் விதி. புவியியல் மூடப்பட்டால் சாரின் வரைபட அறை ஜெராக்ஸ் மெஷினுக்குப் போகும். சிஸ்டர் ஏற்கெனவே ஒரு நாள் டேப்போடு வந்து அந்த அறையை அளந்துவிட்டுப் போயிருந்தார். தன் சவப்பெட்டிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது சாருக்கு.

"கம்ப்யூட்டர்னு போடவா சார்? பசங்க ஓடி வருவாங்க" என்றார் எழுத்தர்.

"வேண்டாம்!"

"சமையல்?"

"வேண்டவே வேண்டாம்!"

"அப்ப பசங்க தலைதெறிக்க ஓடற மாதிரி ஏதாவது ஒண்ணை நீங்களே சொல்லுங்க. வாசல்ல ஆள் கொட்டாவி விடறார்."

எழுத்தர் எரிச்சலில்தான் சொன்னார். ஆனால் சாரின் மூளைக்குள் பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கிட்டவே வரக் கூடாது. அதே சமயம் சிஸ்டரால் வேண்டாம் என்றும் சொல்ல முடியக் கூடாது. அப்படி ஒரு பாடம்!

"நற்செயல்னு போடுங்க."

"நற்செயலா? அதெல்லாம் ஒரு பாடமா சார்?"

"பக்கத்துல 'செய்முறை'ன்னு போடுங்க. பாடமாயிடும்."

சிஸ்டருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "இத்தனை வருஷமா இது எனக்குத் தோணவே இல்லையே சார்" என்று சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாரும் தலையைக் குனிந்துகொண்டு, "ஏதோ கர்த்தர் கொடுத்த யோசனை" என்றார். கர்த்தர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

ஏனென்றால், விருப்பம் சொல்லும் நாளில் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் நற்செயலில் போய் விழுந்தது.

எப்படி விழாமல் இருக்கும்? பாடப்புத்தகம் இல்லை. வீட்டுப்பாடம் இல்லை. எழுத்துத் தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெற்றோருக்கு அதைவிடக் கொண்டாட்டம். "வீட்டுல ஒரு தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டேங்குது சார். பள்ளிக்கூடத்திலயே சொல்லிக்குடுத்தா எவ்வளவு புண்ணியம்!" என்று ஒரு அம்மா கண்கலங்கினார். அன்று காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பையன் மட்டும் யாரும் கேட்காததால் புவியியலில் மிச்சமானான். காய்ச்சல் விட்டதும் அவனும் வந்து, "நான் மட்டும் தனியா உக்காந்து என்ன சார் பண்றது?" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நற்செயலுக்குப் போய்விட்டான்.

சிஸ்டர் சாரைக் கூப்பிட்டார்.

"யோசனை உங்களுது. அதனால நற்செயலை நீங்களே நடத்துங்க. அடுத்த பருவத்துல பிள்ளைங்களை இன்னொரு தடவை கேக்கறேன். பத்துப் பேர் வந்தா புவியியல். வரலேன்னா..." என்று சொல்லி, ஜன்னல் வழியே வரைபட அறையைப் பார்த்தார். மீதியை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் மனைவி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். சிரிப்பை அடக்கியதில் சட்டைக் காலர் கருகப் பார்த்தது.

"தேர்தல்ல டம்மி வேட்பாளர் நிறுத்தற மாதிரி நிறுத்தியிருக்கீங்க. டம்மி ஜெயிச்சுட்டான்."

"சிரிக்காதே. நான் அதைச் சும்மா விடறதா இல்ல. அந்தப் பாடத்தை எவ்வளவு கஷ்டமாக்க முடியுமோ அவ்வளவு கஷ்டமாக்கறேன். பசங்க அலறி அடிச்சுக்கிட்டு எங்கிட்டயே வருவாங்க பாரு."

"நல்லது செய்யறதைக் கஷ்டமாக்கறதுக்கு ஒரு வாத்தியாரா? அதுவும் சிலுவை வச்ச கட்டடத்துல? நல்லா இருப்பீங்க."

மறுநாள் காலையிலேயே சார் முதல் குண்டைப் போட்டார். ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு மார்க். தினமும் பத்து மார்க் எடுக்காதவர்கள் ஃபெயில்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடம் நன்மையால் நாறிப்போனது.

தோட்டக்காரர் வந்து அழுதார். "சார், அந்தக் கள்ளிச் செடிக்கு மாசத்துல ஒரு தடவை தண்ணி விட்டாப் போதும். ஒரே காலையில வகுப்பு மொத்தமும் வந்து விட்டிருக்கு. அழுகிப்போச்சு சார்!"

பெருக்குகிற அண்ணன் துடைப்பத்தைக் கொண்டுவந்து சாரின் மேசை மேல் வைத்தார். "நான் வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பெருக்கிடறாங்க. நேத்து சிஸ்டர் வந்து, 'உங்களுக்கு இப்ப என்னப்பா வேலை'ன்னு கேட்டாங்க. என் வயித்துல அடிக்காதீங்க சார்."

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார். பஸ்ஸுக்காகச் சாலை ஓரத்தில் நின்ற மனிதரை நாலு பிள்ளைகள் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பக்கம் காத்திருந்த வேறு நாலு பேர் திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. நேரே பள்ளிக்குள் வந்து, "என் நாற்பது வருஷ சர்வீஸ்ல ஒரு கொலைகாரனைப் பார்த்தும் நான் பயந்ததில்லை. உங்க பிள்ளைங்களைப் பார்த்தா பயமா இருக்கு" என்றார்.

சார் உள்ளூர மகிழ்ந்தார். இதுதான் சமயம் என்று அடுத்த குண்டைப் போட்டார். "இனிமே சாட்சி இல்லாத நற்செயல் செல்லாது. உதவி வாங்கினவங்களே நேர்ல வந்து சொல்லணும்."

எந்தப் பெரிய மனிதர் வேலையை விட்டுவிட்டு வந்து சாட்சி சொல்வார்? பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள் என்று கணக்குப் போட்டார் சார். அவர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள்.

மதிய இடைவேளையில் மைதானத்தைப் பார்த்தவர் பேயறைந்த மாதிரி நின்றார். பார்த்த இடமெல்லாம் பிள்ளைகள் விழுந்துகொண்டிருந்தார்கள்.

"இப்ப நீ விழு, நான் தூக்கறேன்."

"நேத்தும் நான்தானே விழுந்தேன்? இன்னிக்கு உன் முறை."

"சரி, புல்லு இருக்கிற பக்கமா விழறேன். நல்லா தூக்கணும்!"

அதில் ஒருத்தன் மெய்யாகவே காலைப் பிசகிக்கொண்டு "அம்மா!" என்று கத்தினான். அவ்வளவுதான். வகுப்பு மொத்தமும் அவன் மேல் பாய்ந்தது. மூன்று பேர் கிணற்றடிக்கும், மூன்று பேர் அலுவலகத்துக்கும், மீதிப் பேர் நாலா திசைக்கும் இழுத்ததில், பிசகாத காலும் பிசகிவிட்டது. முதலுதவி அறையில் கட்டுத்துணி தீர்ந்துபோய், செவிலியர் அம்மா மேசை விரிப்பைக் கிழித்துக் கட்டினார்.

சிஸ்டர் சாரைப் பார்த்த பார்வையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் பள்ளியின் பாதிரியார் வந்து சேர்ந்தார். குண்டான, நல்ல மனிதர். மதியத் தூக்கம் அவருக்குச் செபத்துக்கு அடுத்தபடி. இரண்டு வாரமாகக் கண்ணை மூடும்போதெல்லாம் யாராவது வந்து, "ஃபாதர், உடம்பு எப்படி இருக்கு? கால் பிடிச்சு விடட்டுமா?" என்று எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"மார்க்குக்காகச் செய்யறது நற்செயலே இல்ல" என்று பொரிந்தார் பாதிரியார். "நல்லது செஞ்சா வெளிய தெரியக் கூடாது. தம்பட்டம் அடிச்சா அதோட பலன் போச்சு. இதுதான் நம்ம பாடம்."

சாரின் மூளை உடனே வேலை செய்தது. இதைவிடக் கஷ்டமான விதி உண்டா? "ஃபாதர் சொன்னா சரிதான். இனிமே யார் செஞ்ச நற்செயல் வெளிய தெரியுதோ, அவங்களுக்கு மார்க் குறைப்பு!" என்று அறிவித்துவிட்டார்.

மறுநாள் முதல் பாடவேளைகூட முடியவில்லை. ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"சார், இவ எனக்குக் கணக்கு சொல்லிக்குடுத்தா சார்!"

"ஐயோ, பொய் சார்! நான் சொல்லிக்குடுக்கவே இல்ல. இவளுக்கு என் மேல பொறாமை!"

"சார், இவன் என் டெஸ்க்கைத் துடைச்சான். நான் கண்ணால பார்த்தேன்!"

"நீ மட்டும் என்ன யோக்கியம்? நேத்து அந்தச் சின்னக் கிளாஸ் பாப்பாவுக்கு உன் ரொட்டியைப் பாதி குடுக்கல? சொல்லிடுவேன், பாத்துக்க!"

நல்லது செய்து மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மூலையில் உட்கார்ந்து தேம்பினார்கள். தன் மகனின் மார்க் குறைந்த ஒரு அப்பா கடையைப் பாதியில் மூடிவிட்டு ஓடி வந்தார்.

"என் பையன் அப்படிப்பட்டவன் இல்ல சார். சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியும். எவனுக்கும் ஒரு நல்லதும் செய்யமாட்டான். வேணும்னா அவங்க அம்மாவைக் கேளுங்க!"

"இல்லீங்க, கீழ விழுந்த பேனாவை எடுத்துக் குடுத்ததைப் பார்த்தவங்க இருக்காங்க."

"சகவாச தோஷம் சார்" என்று தலையைத் தொங்கப் போட்டார் அப்பா.

இது வெளியே தெரிந்தது. வெளியே தெரியாமல் நடந்தது இன்னும் மோசம். மிதிவண்டிகளின் சக்கரங்களுக்கு யாரோ காற்றடித்து வெடிக்க வைத்தார்கள். ஆசிரியர்கள் திருத்த வேண்டிய விடைத்தாள்களை யாரோ திருத்தி வைத்தார்கள். எல்லோரும் நூற்றுக்கு நூறு. பாடகர் குழுவின் ஆர்மோனியத்துக்கு யாரோ எண்ணெய் போட்டார்கள்; அது பாடுவதை நிறுத்திவிட்டு வழுக்கத் தொடங்கியது. யார் என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் தேவதூதர்கள் மாதிரி கூரையைப் பார்க்கும்.

ஒரு காலையில் சார் தன் வரைபட அறையைத் திறந்தார். நல்ல சோப்பு வாசனை அடித்தது.

அறையின் நடுவே கயிறு கட்டி, துணியில் ஒட்டிய அவருடைய பெரிய உலக வரைபடத்தை யாரோ துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். அழுக்கு சுத்தமாகப் போயிருந்தது. கூடவே கண்டங்களும். எல்லா நாட்டின் சாயமும் எல்லா நாட்டின் மேலும் ஓடி, உலகமே வெளிர்ப் பச்சையாய், எல்லைக்கோடு ஒன்றுகூட இல்லாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பாதிரியார், "இதுதான் உலக சமாதானமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் சார் அந்த ஈரத் துணியின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

வாசலில் வகுப்பு மொத்தமும் கூடி நின்றது.

"சுத்தமா இருந்தா உங்களுக்குப் பிடிக்கும்னு..." என்று ஒரு குரல் தொடங்கியது. பக்கத்தில் இருந்தவன் அந்த வாயைப் பொத்தினான்.

"பரவால்ல" என்றார் சார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இதுல கைவச்சுத்தான் நான் முதல் முதல்ல கடலைக் காட்டினேன். எத்தனையோ பிள்ளைங்களுக்கு. இப்ப என்ன? இன்னும் கொஞ்ச நாள்ல இந்த ரூமே ஜெராக்ஸ் ரூமாயிடும். புவியியல் படிக்கத்தான் ஆள் இல்லையே. நீங்க போங்க. பெல் அடிச்சாச்சு."

பிள்ளைகள் சத்தம் போடாமல் போனார்கள். அன்று முழுக்க ஒருத்தரும் ஒருத்தர் மேல் புகார் சொல்லவில்லை.

சிஸ்டர், பாதிரியார், சார் மூவரும் அன்று மாலையே உட்கார்ந்தார்கள்.

"இப்படியே விட்டா கட்டடத்தையும் துவைச்சுக் காயப்போட்டுடுவாங்க" என்றார் சிஸ்டர். "தனித்தனி மார்க்கே வேண்டாம். பாடவேளையும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புல எல்லாருக்கும் கட்டாயப் பாடமா வச்சுடலாம். எல்லாருமா சேர்ந்து ஒரே ஒரு நற்செயல். அதுவும் ரகசியமா."

"ரகசியமா செஞ்சா மார்க் எப்படிப் போடறது சிஸ்டர்?" என்றார் சார்.

"ஆண்டவருக்குத் தெரியும்" என்றார் பாதிரியார்.

"ஆண்டவர் மார்க் ஷீட்ல கையெழுத்துப் போடமாட்டார் ஃபாதர்" என்றார் சிஸ்டர். "எல்லாருக்கும் முழு மார்க்குன்னு வச்சுக்குவோம். வாயை மூடிட்டு இருக்கிற வரைக்கும் அது அவங்களுக்கு. ஒருத்தர் வாயைத் திறந்து என்ன செஞ்சோம்னு சொன்னாலும் போச்சு, மொத்த வகுப்புக்கும் முட்டை."

நல்ல ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் அமைதி திரும்பியது. தோட்டக்காரர் புதுக் கள்ளிச் செடி வைத்தார். நீதிபதி பஸ் பிடித்தார்.

ஆனால் புவியியலுக்கு எதிரே அந்தக் கட்டம் மறுபடி காலியானதே! இந்த முறை சிஸ்டர் சாரைக் கேட்கவில்லை. ஓவியம் நடத்துகிற இளைஞரைக் கூப்பிட்டு, "குறும்படம்" என்று போடச் சொல்லிவிட்டார். வகுப்பில் செல்போன் வைத்துக்கொள்ளலாம். வெளியே போய்ப் படம் எடுக்கலாம். அந்த இளைஞர் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

"செல்போனா? முடிஞ்சுது" என்றார் சார் வீட்டில். "பத்துப் பேர் இல்ல, ஒரு ஈகூட வராது."

மனைவி இந்தத் தடவை சிரிக்கவில்லை. தட்டில் இன்னொரு துண்டு ரொட்டி வைத்தார். "ஜெராக்ஸ் போடவும் ஒரு ஆள் வேணுமில்ல? அதே ரூம்லதானே இருப்பீங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விருப்பம் சொல்லும் நாள் வந்தது. சார் அந்தப் பக்கமே போகவில்லை. வரைபட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மலைகளை ஒரு பக்கமாகவும் ஆறுகளை ஒரு பக்கமாகவும் சுருட்டிக் கட்டத் தொடங்கினார். துவைத்த உலகத்தை மட்டும் சுருட்ட மனம் வரவில்லை.

கதவு தட்டப்பட்டது. சிஸ்டர் நின்றார். கையில் அளக்கிற டேப் இல்லை.

"சார், கட்டினதை எல்லாம் அவிழ்த்து மாட்டுங்க."

"ஏன் சிஸ்டர், மெஷின் இன்னும் வரலையா?"

"மெஷின் வராது. எல்லாரும் புவியியல்தான் கேக்கறாங்க."

"எல்லாருமா?"

"ஒருத்தர் பாக்கி இல்ல. அந்தக் கண்ணாடிக்காரத் தம்பி ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கார். எனக்கே ஒண்ணும் புரியல. என்ன மாயம் பண்ணினீங்க?"

சார் சுருட்டிய மலைகளைக் கீழே வைத்தார். பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆள் ஒரு சாண் உயர்ந்துவிட்டார் என்று அவரைப் பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள்.

வகுப்பறை நிரம்பி வழிந்தது. இடம் போதாமல் ஜன்னல் விளிம்பிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சல்காரப் பையன் முதல் வரிசையில். கால் பிசகினவன் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தான். கடைசி வரிசையில் சிஸ்டரும் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்தார்.

"பாத்தீங்களா சிஸ்டர்?" சார் நெஞ்சை நிமிர்த்தினார். "நல்ல பாடத்துக்கு விளம்பரம் தேவையில்ல. செல்போனைக் காட்டினாலும் பிள்ளைங்க மனசு மலையையும் கடலையும்தான் தேடுது. நான்தான் இத்தனை நாளா வீணாப் பயந்துட்டேன். படிப்போட ருசி இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு!"

பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி கூரையைப் பார்த்தார்கள்.

"என்னப்பா, வெட்கமா? உங்க வாயால கேக்கணும்னு எனக்கு ஆசை. யாராவது ஒருத்தர் எழுந்து, ஏன் புவியியலைத் தேர்ந்தெடுத்தீங்கன்னு சிஸ்டர் முன்னாடி சொல்லுங்க பார்ப்போம். யாருமே இல்லையா? நீ சொல்லும்மா."

ஓரத்தில் இருந்த குட்டிப் பெண் எழுந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். மொத்த வகுப்பும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே முறைத்தது. அவள் பாவமாகச் சாரைப் பார்த்துச் சொன்னாள்:

"மன்னிச்சுக்குங்க சார். அதை வெளிய சொன்னா எங்க எல்லாருக்கும் நற்செயல்ல முட்டைதான்."